மணற்கல்லின் அடிப்பக்கத்தில் 55 கோடி ஆண்டுகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "போபால் பக்கத்தில் உள்ள பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்ற 55 கோடி ஆண்டுப் பழைய விலங்கின் பதிவு கிடைத்தது என்று 2021இல் செய்தி வந்தது. அப்புறம் அது வெறும் தேனடை என்றார்கள். எலும்பு, ஓடு எதுவுமே இல்லாத ஒரு உயிர் மணற்கல்லில் பதிய முடியுமா? ஆஸ்திரேலியாவில் கிடைத்ததாகச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

பீம்பேட்கா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தேனடைதான். முதலில் அறிவித்த ஆய்வாளர்களே அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் இருப்பவை உண்மையான உயிர்களின் பதிவுகள். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது என்று கேட்டால், அந்த மணற்கல் எப்படி உருவானது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. கடற்கரையில் ஜெல்லிமீன் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் அது கிடந்த தடமே இருக்காது. மணல் மணிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். தண்ணீரும் ஆக்சிஜனும் தாராளமாகப் புகுந்து வெளியேறும், அழுகல் வேகமாக நடக்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலையும் மணலைக் கலைத்துப் போடும். நயமான சேறு இறுகி உண்டாகும் பாறை என்றால் கதை வேறு. அதில் காற்றுப் புகாது, துகள்கள் சிறியவை, மெல்லிய உறுப்புகூடப் பதியும். கனடாவின் பர்ஜஸ் பாறைகளில் மென்னுடல் உயிர்கள் அவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது அதனால்தான். மென்னுடல் உயிர்களைத் தேடும் யாரும் மணற்கல்லை நம்பிப் போக மாட்டார்கள்.

ரெஜ் ஸ்ப்ரிக்கும் அப்படிப் போகவில்லை. 1946இல் அவர் தெற்கு ஆஸ்திரேலிய அரசின் நிலவியலாளர், இருபதுகளில் இருந்த இளைஞர். அண்டார்டிகா பயணங்களால் புகழ்பெற்ற டக்ளஸ் மாசனிடம் படித்தவர். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரை ஒட்டிய எடியகாரா குன்றுகளில் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்கள் இருந்தன. புதிய முறைகளைக் கொண்டு அவற்றில் மறுபடி வேலை தொடங்க முடியுமா என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள். போன இடத்தில், சரிந்து கிடந்த மணற்கல் பாளங்களில் வட்டம் வட்டமாகவும் இலை போலவும் பதிவுகள் இருந்ததைக் கண்டார். சாப்பாட்டு வேளையில் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது என்பார்கள். 1947இல் அவற்றை ஜெல்லிமீன்கள் என்று வெளியிட்டார். அதில் ஒன்றுக்குத் தன் துறைத் தலைவர் பென் டிக்கின்சனின் பெயரை வைத்தார். அதுதான் நீங்கள் கேட்ட டிக்கின்சோனியா.

அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த சர்வதேச நிலவியல் மாநாட்டில் இதைச் சொன்னபோது பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. கேம்பிரியன் காலம் என்று சொல்லப்படும் அடுக்குகளில், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, ஓடுள்ள உயிர்கள் திடீரென்று நிறையத் தென்படுகின்றன. அதற்குக் கீழே உள்ள பாறைகளில் எதுவும் இல்லை என்று நினைத்தார்கள். 1859இல் டார்வினே இதைத் தன் கொள்கைக்கு எதிரான வலுவான ஆட்சேபமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்குமுன் நீண்ட காலம் உயிர்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று நம்பினார், ஆனால் காட்டச் சான்று இல்லை. காலப்போக்கில் "இதுவரை கிடைக்கவில்லை" என்பது "இருக்கவே முடியாது" என்று பலர் மனதில் மாறிவிட்டது.

அப்படி மாறியதன் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1956இல் டீனா நெகஸ் என்ற பள்ளி மாணவி லெஸ்டர்ஷயரின் சார்ன்வுட் காட்டுப் பகுதியில் பெரணி இலை மாதிரி ஒரு பதிவைப் பாறையில் பார்த்தார். ஆசிரியரிடம் சொன்னார். அந்தப் பாறை கேம்பிரியனுக்கு முந்தியது, அதில் புதைபடிவம் இருக்காது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற மாணவர் அதே பதிவைப் பார்த்தார். அவர் சொன்னது ஒரு பல்கலைக்கழக நிலவியலாளர் காதுக்குப் போனது. 1958இல் அது சார்னியா மேசோனி என்ற பெயரில் வெளியானது. அந்த மாணவி கண்ணால் பார்த்ததை நம்பினார். அவரைத் தடுத்தது பாறையைப் பற்றி ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஒரு முடிவு. எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

ஆஸ்திரேலியாவில் 1957 வாக்கில் உள்ளூர் ஆர்வலர்கள் எடியகாராவுக்குப் போய் இன்னும் நல்ல மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் கிளெஸ்னர் அவற்றை ஆராய்ந்தார். இந்த அடுக்குகள் கேம்பிரியனுக்குக் கீழே, அதைவிடப் பழையவை என்பதை நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். கண்டுபிடித்தவரின் நினைவாக ஓர் உயிருக்கு ஸ்ப்ரிக்கினா என்று பெயரிட்டார். 2004இல் நிலவியல் கால அட்டவணையில் எடியகாரன் என்று ஒரு காலமே சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் முடிகிற காலம் அது. அதன் தொடக்கத்தைக் குறிக்கும் அடையாள ஆணி ஃபிளிண்டர்ஸ் மலையில் ஓர் ஓடைக்கரைப் பாறையில் அடிக்கப்பட்டிருக்கிறது.

சரி, இனிப் பாறைக்கு வருவோம். புதைபடிவங்கள் இருக்கும் அடுக்கு ரான்ஸ்லி குவார்ட்சைட் என்ற பெரிய மணற்கல் தொகுதியின் ஒரு பகுதி. பெயரில் குவார்ட்சைட் என்று இருந்தாலும் வெப்பத்தில் உருமாறிய பாறை இல்லை. குவார்ட்ஸ் மணலைச் சிலிக்காவே பசையாக நின்று கட்டிப்போட்ட மணற்கல். ஃபிளிண்டர்ஸ் மலையின் படங்களில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மலைவளையம் தெரியுமே, வில்பீனா பவுண்ட், அதன் செங்குத்துச் சுவர்களும் இதே மணற்கல்தான். அந்த மண்ணின் மக்களான அட்னியமதன்ஹா அந்த இடத்தை இகாரா, கூடும் இடம், என்கிறார்கள். இரண்டு பெரும் பாம்புகளின் உடல்களே அந்தச் சுவர்கள் என்பது அவர்கள் கதை.

55 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழமில்லாத கடல். அடியில் மணல். ஆனால் இன்றைய கடற்கரை மணல் போல உதிரியாகக் கிடந்த மணல் இல்லை. இதுதான் உங்கள் கேள்விக்கான பதிலின் மையம்.

குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் தொடும் இடத்தில் வழுக்கும் பாசி படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் ஒரு தோல் மாதிரி கையோடு வரும். பாக்டீரியாக்களும் நுண்ணிய பாசிகளும் பிசினைச் சுரந்து பின்னிக்கொண்டு உண்டாக்கும் பாய் அது. இன்றைய கடலில் இப்படிப்பட்ட பாய் பரந்து வளர வழியில்லை. நத்தைகள் மேய்ந்துவிடும், புழுக்கள் துளைத்துவிடும், நண்டு கிளறிவிடும். எடியகாரா காலத்தில் மேய்பவர்களும் துளைப்பவர்களும் அநேகமாக இல்லை. அதனால் கடலடி மணல் முழுக்க இந்தப் பாய் விரிந்து கிடந்தது. அதன் மேல்தான் அந்த உயிர்கள் ஒட்டிக்கொண்டும் படுத்துக்கொண்டும் வாழ்ந்தன.

ஒரு புயல் வருகிறது. அலை மணலை அள்ளிக்கொண்டு வந்து சில சென்டிமீட்டர் கனத்துக்கு எல்லாவற்றின் மேலும் கொட்டிவிடுகிறது. கீழே பாய், அதன்மேல் உயிர்கள், அவற்றின்மேல் புது மணல். காற்றோட்டம் நின்றுபோன அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் கந்தகத்தைக் கையாளத் தொடங்கின. மணலில் இருந்த இரும்போடு அது சேர்ந்து பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது ஆனது. புதிதாக விழுந்த மணலின் அடிப்பரப்பை அந்தத் தாது ஒரு மெல்லிய ஓடு போல இறுக்கிவிட்டது. இறந்தவர் முகத்தில் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள் அல்லவா, அதேபோலத்தான். ஜேம்ஸ் கெஹ்லிங் 1999இல் இந்த விளக்கத்தை விரிவாக முன்வைத்தார், சாவு முகமூடி என்ற உவமையையே அவரும் பயன்படுத்தினார். பின்னால் வேறு சிலர், இறுக்கியது பைரைட்டைவிட அந்தக் காலக் கடல்நீரில் நிறைய இருந்த சிலிக்காதான் என்றார்கள். விவாதம் இருக்கிறது. இரண்டுமே வேலை செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதுவானாலும், உடல் அழுகி முடிவதற்குள் மேல்மணல் இறுகிவிட்டது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

இதிலிருந்து ஒரு விளைவு தானாக வருகிறது. பதிவு பாளத்தின் மேல்பக்கத்தில் இருக்காது, அடிப்பக்கத்தில் இருக்கும். டிக்கின்சோனியா போல ஓரளவு தாங்கும் உடலாக இருந்தால், மேல்மணல் இறுகும்வரை உடல் நின்றது. பிறகு அது அழுகி வெறுமையாக, கீழே இருந்த இளகிய மணல் மேலெழும்பி அந்தக் குழியை நிரப்பியது. ஆகவே மேல்பாளத்தின் அடியில் உயிரின் முதுகுப்புற அச்சு பள்ளமாகத் தெரியும். சீக்கிரம் அழுகிய உடல் என்றால் மேல்மணலே கீழே இறங்கி அந்த இடத்தை அடைத்தது. அப்போது அதே அடிப்பக்கத்தில் மேடாகத் தெரியும். ஓர் உயிர் பள்ளமாகப் பதிந்திருக்கிறதா மேடாகப் பதிந்திருக்கிறதா என்பதை வைத்து அதன் உடல் எவ்வளவு உறுதியானது என்று சொல்லலாம். பாயின் தடமும் கூடவே பதிந்திருக்கும். யானைத் தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் ஆய்வாளர்கள் அதை அப்படியே யானைத்தோல் என்றே அழைக்கிறார்கள். உண்மையான எடியகாரா பாளத்தில் முதலில் கண்ணில் படுவது பல நேரம் அந்தச் சுருக்கம்தான், உயிர் அப்புறம்தான் தெரியும்.

இந்த அடிப்பக்க விஷயத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட இடம் நில்பீனா. எடியகாரா குன்றுகளுக்குத் தெற்கே இருந்த ஒரு கால்நடைப் பண்ணை அது. அங்கே 2000க்குப் பிறகு மேரி டிரோசர் குழுவினர் ஆண்டுதோறும் போய் ஒரு பொறுமையான வேலையைச் செய்துவருகிறார்கள். ஒரு மணற்கல் அடுக்கைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் இடம் குறித்து, புரட்டிப்போட்டு, பக்கத்துத் தரையில் மறுபடி ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். பொருத்தி முடித்தால் ஒரு பழைய கடலடித் தரை அப்படியே கவிழ்ந்து கிடக்கும், அதில் யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதுகூடத் தெரியும். நாற்பதுக்கும் மேற்பட்ட அடுக்குகளை இப்படிப் புரட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒற்றைக் கல்லாக வைத்துப் பார்த்தால் ஓர் உயிர் மட்டும்தான் கிடைக்கும், இங்கே ஓர் ஊரே கிடைக்கிறது. 2023இல் அது தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள்? டிக்கின்சோனியா முட்டைவடிவத் தட்டு. நடுவில் ஒரு கோடு, இருபுறமும் விலா போல வரிகள். இடது வலது வரிகள் நேருக்கு நேர் அமையாமல் சற்று மாறி மாறி அமைந்திருக்கும். சில மில்லிமீட்டர் கனம்தான், ஆனால் சில ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். வாயும் இல்லை, குடலும் தெரியவில்லை. பாயின் மேல் படுத்து அடிவயிற்றால் கரைத்து உறிஞ்சியிருக்கலாம். சில பாளங்களில் ஒரே அளவில் வரிசையாக மங்கலான அச்சுகள், கடைசியில் ஒரு முழு டிக்கின்சோனியா. ஓரிடத்தில் கிடந்து தின்று, நகர்ந்து, அடுத்த இடத்தில் கிடந்த தடங்கள் அவை. டிரைபிராக்கிடியம் என்று ஒன்று உண்டு. மூன்று வளைந்த கைகள் சுழல்வது போன்ற வட்டம். இன்று உயிரோடு இருக்கும் எந்த விலங்கின் உடலும் அப்படி மூன்றாகப் பிரிந்து அமைந்ததில்லை. ஃபியூனிசியா என்ற குழாய் உயிர்கள் ஒரே வயதில், ஒரே அளவில் கூட்டமாக நிற்கின்றன. அதைப் பார்த்து, பவளங்கள் செய்வது போல ஒரே சமயத்தில் முட்டையையும் விந்தையும் வெளியிட்டு இனம் பெருக்கியிருக்கலாம் என்கிறார்கள். கிம்பெரெல்லாவைத் தொடக்கத்தில் ஜெல்லிமீன் என்று வகைப்படுத்தினார்கள். 1997இல் ரஷ்யாவில் கிடைத்த நல்ல மாதிரிகளைப் பார்த்தபின் அது நத்தைகளின் உறவுக்காரன் போலத் தெரிந்தது. அதன் அருகே விசிறி விரித்தது போல சுரண்டல் கோடுகள் இருக்கின்றன. பாயைச் சுரண்டித் தின்றிருக்கிறது.

இவை விலங்குகள்தானா என்ற சண்டை நீண்ட காலம் நடந்தது. அடால்ஃப் ஸைலாகர் 1980களில், இவை மெத்தை போலத் தையல் தையலாகப் பிரிந்த, இன்றைய எந்த வகையிலும் சேராத தனி உயிர்கள் என்றார். கிரெகரி ரிடாலக் இவை லைக்கன்கள், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள், என்றார். 2013இல் அந்த மணற்கல்லே கடலடி இல்லை, நிலத்து மண் என்று வாதிட்டார். பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. அலை வரிகளும், ஒரே திசையில் சாய்ந்து விழுந்த இலைவடிவ உயிர்களும், நகர்ந்த தடங்களும் கடலடியைத்தான் காட்டுகின்றன. டிக்கின்சோனியாவைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 2018இல் வந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் இலியா போப்ரோவ்ஸ்கி, ரஷ்யாவின் வெண்கடல் கரைப் பாறைகளிலிருந்து 55.8 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியாக்களை எடுத்துவந்தார். ஃபிளிண்டர்ஸ் மணற்கல்லில் உடலின் வேதிப்பொருள் எதுவும் மிஞ்சவில்லை. வெண்கடல் அடுக்குகள் பெரிய வெப்பத்தைக் காணாதவை, அதனால் புதைபடிவத்தின் மேல் உடலிலிருந்து வந்த மெல்லிய படலமே ஒட்டியிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறுகள் மிகுதியாக இருந்தன. சுற்றியிருந்த பாசிப் பாயில் வேறு வகை மூலக்கூறுகள். கொலஸ்ட்ரால் விலங்குகளின் அடையாளம். லைக்கனில் கிடைப்பது வேறு. இது வந்தபின் டிக்கின்சோனியா விலங்கு என்பதை மறுப்பது கடினம்.

இங்கே ஒரு இந்தியரைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மிஸ்டேக்கன் பாயின்ட் என்ற கடல்முனை இருக்கிறது. அங்கே 1967இல் இந்த வகை உயிர்களைக் கண்டுபிடித்தவர் உத்தரப் பிரதேசத்திலிருந்து போய்ப் படித்துக்கொண்டிருந்த ஷிவ பாலக் மிஸ்ரா. 56.5 கோடி ஆண்டுகளைச் சேர்ந்த அடுக்குகள் அவை, எடியகாரா குன்றுகளின் அடுக்குகளைவிடப் பழையவை. அங்கே மணலுக்குப் பதில் எரிமலைச் சாம்பல் விழுந்து மூடியதால், பதிவுகள் பாறையின் மேல்பக்கத்திலேயே தெரிகின்றன. சாம்பலில் உள்ள சிர்கான் என்ற தாதுவின் மணிகளை வைத்து வயதும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. மிஸ்ரா பிறகு ஊர் திரும்பித் தன் கிராமத்துப் பக்கம் பள்ளிக்கூடம் தொடங்கினார். மிஸ்டேக்கன் பாயின்ட்டில் மிகுதியாகக் கிடைக்கும் ஓர் உயிருக்கு 2007இல் அவர் பெயரைச் சேர்த்து ஃபிராக்டோஃபியூசஸ் மிஸ்ரை என்று வைத்தார்கள். 2016 முதல் அந்த முனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் வர வேண்டும்.

இப்போது பீம்பேட்கா. அது மத்திய இந்தியாவின் விந்தியப் பாறைத் தொகுதியின் மேல் அடுக்குகளைச் சேர்ந்த மணற்கல். 2020 மார்ச்சில் டெல்லியில் நடக்கவிருந்து கொரோனாவால் தள்ளிப்போன நிலவியல் மாநாட்டை ஒட்டி சில ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். ஆடிட்டோரியம் குகை என்று சொல்லப்படும் இடத்தில், தரையிலிருந்து சுமார் 11 அடி உயரத்தில், நடுக்கோடும் வரிகளும் கொண்ட இலைவடிவம் ஒன்று தெரிந்தது. கையெட்டாத உயரம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் சுரண்டி மாதிரி எடுக்கவும் முடியாது. புகைப்படத்தை வைத்து அளந்து, டிக்கின்சோனியா என்று வெளியிட்டார்கள். வெளியிட்ட குழுவை நடத்தியவர் மேலே சொன்ன அதே ரிடாலக்.

இதன் விளைவு பெரிது. டிக்கின்சோனியா என்றால் பாறைக்கு வயது சுமார் 55 கோடி. அப்படியானால் மேல் விந்திய அடுக்குகள் எல்லாமே அவ்வளவு இளையவை. ஆனால் அந்த மணற்கல்லில் கிடைத்த சிர்கான் மணிகளில் மிக இளையவைகூட ஏறக்குறைய 100 கோடி ஆண்டுப் பழையவை. பன்னா பக்கத்தில் உள்ள, வயது ஏற்கெனவே தெரிந்த மஜ்கவான் வைரப்பாறையின் காந்தப் பதிவோடு (பாறை உருவானபோது அதில் பதிந்த பூமியின் காந்தத் திசை) இந்த அடுக்குகளின் காந்தப் பதிவு ஒத்துப்போவதும் அதே வயதைத்தான் சொன்னது. விந்தியத்தின் வயது 100 கோடியா, 55 கோடியா என்ற நெடுநாள் வழக்கு ஒரே ஒரு பதிவில் வந்து நின்றது.

100 கோடி என்று வாதிட்டவர்களில் ஒருவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட். 2022 டிசம்பரில் அவர் குழு நேரில் போய்ப் பார்த்தது. பாறைக்குள் பதிந்ததாகச் சொன்னது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது! மூன்றே ஆண்டுக்குள் நிறையச் சிதைந்துபோயிருந்தது. 55 கோடி ஆண்டு தாங்கிய கல்லின் பதிவு மூன்று ஆண்டில் உரியாது. உற்றுப் பார்த்தால் ஓரங்களில் அறுகோண அறைகள் தெரிந்தன. மெழுகு. மலைத்தேனீ பாறைக் கூரையில் அரைவட்டமாக ஒற்றை அடை கட்டித் தொங்கவிடும். நீலகிரியில் குறும்பர்கள் கயிற்றில் இறங்கித் தேன் எடுக்கிறார்களே, அதே தேனீ. அடை விழுந்தபின் கல்லில் ஒட்டியிருக்கும் மிச்சம்தான் அந்த இலைவடிவம். பக்கத்திலேயே வேறு தேனடைகளும் இருந்தன. 2023 தொடக்கத்தில் இதை வெளியிட்டார்கள். ரிடாலக் மறுக்கவில்லை, தவறை ஒப்புக்கொண்டார். அது பெரிய மனசு. இத்தனை பெரிய கண்டுபிடிப்பு என்று உலகம் பேசியபின் அப்படிச் சொல்வது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

தேனடையை நேரில் தொட்டுப் பார்க்காமலேயே சந்தேகப்பட இடம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பேன். ஒற்றைப் பதிவு. எடியகாராவில் ஓர் அடுக்கில் ஓர் உயிர் இருந்தால் பெரும்பாலும் அதன் சுற்றத்தாரும் இருப்பார்கள். கூடவே, பதிவு பாறையின் அடுக்குப் பரப்பைச் சேர்ந்ததா, அல்லது அதன்மேல் பிறகு வந்து ஒட்டியதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சாவு முகமூடி என்பது கல்லின் பகுதி. மணலே அந்த வடிவத்தில் வளைந்திருக்கும். கல்லின்மேல் வேறொரு பொருளாக நிற்காது.

விந்தியத்தில் இது முதல் தடவையும் இல்லை. 1998இல் ஸைலாகரும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பிரதீப் போஸும் மற்றொருவரும் சேர்ந்து, சோன் பள்ளத்தாக்கின் சோர்ஹட் மணற்கல்லில் புழுக்கள் துளைத்த தடங்கள் இருப்பதாக எழுதினார்கள். 110 கோடி ஆண்டுக்கு முன்பே விலங்குகள் என்று உலகமே பரபரத்தது. பிறகு அந்த அடுக்கின் வயதைத் துல்லியமாகக் கணித்தபோது 160 கோடி என்று வந்தது. அவ்வளவு காலத்துக்கு முன்னால் புழு என்றால் மற்ற எல்லாச் சான்றுகளும் உடைந்துவிடும். இன்று பெரும்பாலோர் அவற்றை விலங்கின் தடமாக எடுத்துக்கொள்வதில்லை. பாசிப் பாய் சுருங்கியும் வெடித்தும் உண்டான கோடுகள் இப்படி ஏமாற்றக்கூடியவை. உயிரைக் காட்டிக்கொடுக்கிற அதே பாய் சில நேரம் உயிர் போலவே நடிக்கவும் செய்கிறது.

கடைசியாக ஒன்று. மணற்கல்லில் மென்னுடல் உயிர்கள் பதிவது ஏன் அந்தக் காலத்தோடு பெரும்பாலும் நின்றுபோனது? அந்த அடுக்குகளில் நீண்ட காலமாகச் சின்னச் சின்ன வளைந்த தடங்கள் தெரிந்தன. செய்தவர் யார் என்று தெரியவில்லை. 2020இல் ஸ்காட் எவன்ஸும் டிரோசரும் நில்பீனா பாளங்களை லேசர் கொண்டு முப்பரிமாணத்தில் படியெடுத்துப் பார்த்தார்கள். தடங்களின் பக்கத்தில் அரிசிமணி அளவில், 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளத்தில், ஒரு முனை சற்றுப் பருத்த குட்டிக் குழிகள் இருந்தன. அட்னியமதன்ஹா மொழியின் இகாரா என்ற சொல்லை வைத்து இகாரியா வாரியூட்டியா என்று பெயரிட்டார்கள். முன், பின், இரண்டு பக்கம் என்று நம்மைப் போல அமைந்த உடல். அது மெல்லிய மணலுக்குள் புகுந்து, கீழே இருந்த உணவைத் தேடித் துளைத்துக்கொண்டு போனது. அதன் வழியில் வந்தவர்கள் கேம்பிரியனில் பெருகினார்கள், பாயைத் தின்றார்கள், கடலடியைக் கிளறினார்கள். பாய் போனது, அதோடு சாவு முகமூடி எடுக்கும் வழியும் போனது. அதற்குப் பின்வந்த மணற்கற்களில் ஜெல்லிமீன் எப்போதாவது ஒன்றிரண்டு இடத்தில் பதிந்ததுண்டு, எடியகாரா மாதிரி ஊர் ஊராக இல்லை.

நீங்கள் அடிலெய்டு பக்கம் போகும் வாய்ப்பு கிடைத்தால் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். மலைக்கே போக முடிந்தால் நடுப்பகலில் போகாதீர்கள். சூரியன் உச்சியில் இருக்கும்போது அந்தப் பாளங்கள் வெறும் பழுப்புக் கல்லாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒரு மில்லிமீட்டர் பள்ளமும் நிழல் பிடிக்கும். முதலில் யானைத்தோல் சுருக்கம் தெரியும். அப்புறம் டிக்கின்சோனியாவின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.